இடப்பக்கம் சத்தம் குறைவு

ஜனவரி 8, வியாழன்

என் பழைய போன் போய்விட்டது. தொலையவில்லை, திருட்டும் போகவில்லை. நான் சலூனுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு வருவதற்குள் என் மனைவி அடைக்கலமேரி அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ரெஜினா எனக்குப் புதுப் போன் ஆர்டர் போட்டிருந்தாளாம். கொண்டு வந்தவர் பழையதைக் கேட்டாராம். ரெஜினா போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவள் அழிக்க வேண்டியதை அழித்து, சிம்மைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாளாம்.

புதுப் போன் பளபளவென்று இருக்கிறது. இயர்போன் செருகும் ஓட்டைதான் இல்லை.

"ஒரு ஓட்டைக்கா இந்தக் கத்து கத்துறீங்க?" என்றாள். ஆமாம், ஓட்டைக்குத்தான் கத்தினேன். என் இயர்போன் கடையில் சரமாகத் தொங்கும் ரகம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் தில்லைநகரில் ஒரு காது பரிசோதனை மையத்தில் இரண்டு காதுக்கும் அச்செடுத்து, சென்னைக்கு அனுப்பிச் செய்து வாங்கியது. இடக்காதுக்குச் செய்தது என் இடக்காதுக்கு மட்டும்தான் பொருந்தும். அச்செடுத்த பெண் அப்படியே காதையும் சோதித்து, "இருபது வயசுக்காரங்க காது சார் இது" என்று ஒரு வரைபடம் கொடுத்தாள். அதை லேமினேட் செய்து என் ஒலி மிக்சர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். சிவநேசன் மெல்லிசைக் குழுவுக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் ஒலி அமைப்பு. ஊரில் இன்னாசி என்றால் தெரியாது, 'சவுண்டு இன்னாசி' என்றால் தெரியும்.

கச்சேரிகளைப் பதிவு செய்து, ஒவ்வொரு கருவியையும் எவ்வளவு வைக்க வேண்டுமோ அவ்வளவு வைத்துக் கலந்து, குழுவின் சேனலுக்குக் கொடுப்பதும் நான்தான். வீட்டு ஸ்பீக்கரில் கலப்பேன். பஸ்ஸில் போகும்போது போனில் இயர்போனைப் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்வேன். இனி எதில் செருகிக் கேட்பது? போனின் சார்ஜர் வாயில் செருகும் குட்டி வால் ஒன்று கிடைக்கிறது. என் கையில் அது இரண்டு மாதம்கூடத் தாங்காது, லேப்டாப்புக்கு வாங்கி ஏற்கெனவே இரண்டைக் கொன்றிருக்கிறேன்.

பிப்ரவரி 15 குழுவின் வெள்ளி விழாக் கச்சேரி. முழுவதையும் பதிவு செய்து ஆல்பமாகப் போடப்போகிறோம். நல்ல நேரத்தில் செய்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் எழுந்தபோது இடக்காது அடைத்த மாதிரி இருந்தது. நேற்று சலூனில் தலைக்குத் தண்ணீர் அடித்தான், உள்ளே போயிருக்கும். 

முன்பே பேசி வைத்தபடி பூண்டி மாதா கோயிலுக்குப் போய் வந்தோம். போகும்போதும் வரும்போதும் அவளுடன் நான் பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் என் இடப்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஜெபமாலை சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 10, சனி

சிங்காரத்தோப்பில் முபாரக் பாய் கடைக்குப் போனேன். இருபது வருடப் பழக்கம். மைக் கேபிள் முதல் ஃபியூஸ் வரை அவரிடம்தான்.

"அண்ணே, உங்க இயர்போனைத் தூக்கிப் போட வேணாம். அதை ப்ளூடூத்தா மாத்துற அடாப்டர் மூணு விதமா இருக்கு" என்று கண்ணாடி மேல் பரப்பினார். முதல் வகை தீப்பெட்டி அளவில் ஒரு டப்பி; சட்டையில் குத்திக்கொண்டு இயர்போன் வயரை அதில் செருக வேண்டும். இரண்டாவது கழுத்தில் போடும் பட்டை. என் இயர்போனிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு இரண்டு குமிழ்களையும் பட்டையின் நுனியில் பொருத்திக்கொள்ளலாம். மூன்றாவது காதுக்கு ஒன்றாக இரண்டு தனித் தனிக் கொக்கிகள், நடுவில் வயரே கிடையாது. அது கையிருப்பில் இல்லை, படத்தைக் காட்டினார்.

டப்பியை வாங்கினேன். வயரோடு இருந்தால்தான் எனக்குத் தைரியம்.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் சத்தம் குறைவு. கூடவே ஒரு மெல்லிய இரைச்சல், பிரிட்ஜ் ஓடுவது மாதிரி. மலிவான அடாப்டரில் இப்படி இரைச்சல் வருவது உண்டுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வருவது புதுசு.

காதில் தண்ணீர் இன்னும் போகவில்லை. ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். அடைக்கலம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

ஜனவரி 13, செவ்வாய்

டப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் தன் இயர்போனைச் செருகி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வருதுண்ணே."

"இரைச்சல்?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

உங்கள் காதுக்குக் கேட்காது பாய், என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மனுஷன் சிரித்துக்கொண்டே கழுத்துப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். "இதைக் கொண்டு போங்க. சரிவரலேன்னா பொங்கல் கழிச்சு வந்து மாத்திக்கங்க."

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ரெஜினா வந்திருக்கிறாள். காலையில் என் போன் அடித்தது. கூடத்தில் தேடினேன், அடுப்படியில் தேடினேன், கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன். ரெஜினா வந்து என் இடது சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புதுப் போனின் ரிங்டோன் அப்படி, எங்கிருந்து வருகிறது என்றே தெரிவதில்லை. பழைய போனில் இந்தத் தொல்லை இல்லை.

ஜனவரி 17, சனி

கழுத்துப் பட்டை. இடப்பக்கம் சத்தம் குறைவு. அதே இரைச்சல்.

பாய் ஒரே கம்பெனிச் சரக்காக வாங்கி வைத்திருப்பார்.

ஜனவரி 18, ஞாயிறு

ரெஜினா ஊருக்குக் கிளம்பினாள். ஜங்ஷனில் ரயில் ஏறும் முன், "அப்பா, அம்மாகூட என்ன சண்டை?" என்று கேட்டாள். சண்டையா, அது போன் கொடுத்த அன்றைக்கே முடிந்துவிட்டதே என்றேன். "அம்மா அப்படிச் சொல்லலையே" என்றாள். ரயில் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால், ஆமாம், அடைக்கலம் முகத்தைத் தூக்கித்தான் வைத்திருக்கிறாள். சோறு போடுகிறாள், சட்டை தேய்த்து வைக்கிறாள், வாயைத் திறப்பதில்லை. தப்புச் செய்தது அவள், கோபமும் அவளுக்கா?

ஜனவரி 21, புதன்

வீட்டு ஸ்பீக்கரிலும் இடது பக்கம் தளர்ந்துவிட்டது. வாங்கிப் பதினோரு வருடம், பழசாகாதா? இடப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துக் கலந்தேன். இந்த மாதம் என் இடப்பக்கத்துக்கே நேரம் சரியில்லை.

லால்குடி கச்சேரியின் நான்கு பாட்டையும் முடித்துச் சிவநேசனுக்கு அனுப்பினேன்.

ஜனவரி 23, வெள்ளி

சிவநேசன் கூப்பிட்டான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பாட வந்த நாளிலிருந்து என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாளும் என் கலவையைக் குறை சொன்னதில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. லெஃப்ட் சைடு ரொம்பத் தூக்கலா இருக்குண்ணே. வயலின் காதைப் பிய்க்குது."

"நீ எதுல கேட்ட?"

"ஹெட்போன்ல."

"வேற ஹெட்போன் வாங்கு."

வைத்துவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. பஸ் ஏறிப் புள்ளம்பாடி வரை சும்மா போய்விட்டு வந்தேன், நான்கு பாட்டையும் கேட்டுக்கொண்டே. எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. வயலின் இன்னும் கொஞ்சம் தூக்கலாம்.

ஜனவரி 24, சனி

இப்போதெல்லாம் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் நல்ல தூக்கம். தெருவே அடங்கிவிட்டது மாதிரி இருக்கிறது. காலையில் பால்காரர் வரவில்லை என்று நான் சொல்ல, "மூணு தடவை மணி அடிச்சாரு. நான்தான் போய் வாங்கினேன்" என்றாள் அடைக்கலம். இந்த வாரம் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

அந்த இரைச்சல் மட்டும் படுத்த பிறகும் கேட்கிறது. ஃபேனாக இருக்கும்.

ஜனவரி 25, ஞாயிறு

ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். 

கரண்ட் மீட்டராக இருக்கலாம்.

ஜனவரி 29, வியாழன்

சேனலில் லால்குடிப் பாட்டுக்கு வந்த கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். 'பாட்டு அருமை, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே' என்று ஒருவர். 'என் இயர்போன்தான் கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன்' என்று இன்னொருவர். அதற்குப் பதினேழு பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள்.

கழுத்துப் பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாய் கேட்டார்: "அண்ணே, லெஃப்ட்டு ரைட்டை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இதை என்னிடம் கேட்கலாமா? ஒரு பக்கம் சத்தம் வரவில்லை என்றால் முதலில் இரண்டு லைனையும் மாற்றிப் போடு. கோளாறும் பக்கம் மாறினால் லைனில் கோளாறு, மாறாவிட்டால் ஸ்பீக்கரில் கோளாறு. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அரை நிமிட வேலை.

"பாத்தாச்சு" என்றேன்.

பார்க்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மூன்றாவது வகை, கொக்கி அடாப்டர், ஆன்லைனில் போட்டேன். மூன்று நாளாக இதே வேலையாக இருந்து, நூற்றுக்கணக்கான மதிப்புரைகளைப் படித்துத் தேர்ந்தெடுத்தது. எதில் சத்தம் வந்து சேரத் தாமதம் குறைவு, எதில் பேட்டரி எட்டு மணி நேரம் நிற்கும், எதன் முள் என் இயர்போன் குமிழில் பொருந்தும், எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். 'இடப்பக்கம் சத்தம் குறைவு' என்று எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றிலும் தேடினேன். மொத்தமாக இரண்டு பேர்தான் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு பேரையும் நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். அதைத் தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிப்ரவரி 5, வியாழன்

வந்துவிட்டது. அழகான டப்பா. இரண்டு கொக்கி, ஒவ்வொன்றிலும் குட்டியாக L, R. 

நாளை காலை நிதானமாகப் போட்டுப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 7, சனி

இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. வேலை நிறைய. மைக் ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். மிக்சர் பெட்டியைத் திறந்தபோது மூடிக்குள் ஒட்டியிருந்த வரைபடம் கண்ணில் பட்டது. இரண்டு கோடும் ஒன்றன் மேல் ஒன்று போல நேராகப் போகின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இடப்பக்கம் சத்தம் குறைவு.

மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கொக்கியைக் கழற்றிக் குமிழை மாற்றிப் பொருத்த அரை நிமிடம். கையில் எடுத்தேன், வைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தேன், வைத்தேன். பிறகு கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சைப் பட்டாணி வாங்கி வந்தேன். யாரும் பட்டாணி கேட்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுதவில்லை.

பிப்ரவரி 11, புதன்

ஒத்திகை. சிவநேசன் வெள்ளி விழாவில் பாடப்போகும் இருபத்தெட்டுப் பாட்டையும் ஓட்டினான். எல்லாரும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். டீ வந்தால் முதல் டம்ளர் எனக்கு. வயலின் வாசிக்கும் பெண் என்னவோ கேட்டிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. சுற்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்று மறுபடி கேட்டாள்.

பிப்ரவரி 14, சனி

கொக்கி அடாப்டரைத் திருப்பி அனுப்ப நாளையோடு கடைசி. அனுப்பவில்லை. அதில் கோளாறு இல்லை.

பிப்ரவரி 16, திங்கள், காலை

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

மத்தியானம் மூன்று மணிக்கு அரங்கில் ஒலிச் சோதனை. மேடையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு ஸ்பீக்கர் அடுக்கு. நான் டேப்லெட்டோடு அரங்கின் நட்டநடுவில், மேடையைப் பார்த்து நின்றேன். மிக்சர் மேடை ஓரத்தில் இருக்கிறது, இங்கிருந்தே எல்லாவற்றையும் ஏற்றலாம், இறக்கலாம். கேபிள் வேலை பார்க்கும் தனபால் என்னைவிட மூத்தவர். மேடையில் மைக்கோடு நின்றார்.

இடது அடுக்குக்கு மட்டும் சத்தத்தை அனுப்பினேன். தனபால், "ஹலோ... செக்... செக்..." என்றார்.

சத்தம் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

"லைன் மாறிக் கெடக்கு. ரைட்ல வருது. மாத்துங்க" என்று கத்தினேன். தனபால் என்னைப் பார்த்தார். மேடையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. 

"மாத்துங்கன்னு சொல்றேன்ல!"

தனபால் மெதுவாகப் போய், இரண்டு கேபிளையும் பிடுங்கி மாற்றிச் செருகினார். மறுபடி மைக்கை எடுத்து, "ஹலோ... செக்..." என்றார்.

இப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது.

மாற்றிப் போட்டும் கோளாறு பக்கம் மாறவில்லை. அப்படியானால் லைனில் கோளாறு இல்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான். எட்டு நாளாக என் அறையில் தனியாகச் செய்யப் பயந்த சோதனையை, இத்தனை பேர் பார்க்க, இத்தனை பெரிய ஸ்பீக்கரை வைத்துச் செய்து முடித்துவிட்டேன்.

சிவநேசன் மேடையிலிருந்து இறங்கி வந்தான். என் வலப்பக்கமாக வந்து நின்றான். அதைக் கவனித்தேன். எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

"அண்ணே" என்றான்.

"பழையபடி மாத்தச் சொல்லு. சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

டேப்லெட்டில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தம் போகும்படி வைத்தேன். இடது, வலது என்று பிரிப்பதே வேண்டாம். வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுபோலக் கேட்கட்டும். கச்சேரி நடந்தது. வலக்காதை மேடைப் பக்கம் திருப்பி, மூன்றரை மணி நேரம் கோணலாகவே நின்று முடித்தேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை.

இன்று காலை சிவநேசன் கூப்பிட்டான். "ஹால்ல சவுண்டு ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே, எல்லாரும் சொன்னாங்க." பொய்யில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதிவு செய்ததைக் கலக்க இரண்டு காது வேண்டும். "ஆல்பத்தை வேற யார்கிட்டயாவது குடு சிவநேசா" என்றேன். அவன் வேண்டாம் என்பான் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். "சரிண்ணே" என்றான். அழுகை வந்துவிட்டது.

அதே நாள், மாலை

அடைக்கலத்திடம் சொன்னேன். புடவை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

அதே தில்லைநகர் மையம். அதே பெண், பெயர் நிவேதிதா, இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். என் பழைய வரைபடத்தைப் பெட்டியிலிருந்து பெயர்த்துக் கொண்டு போயிருந்தேன். பார்த்துச் சிரித்து, "லேமினேட் பண்ணிட்டீங்களா சார்" என்றாள். 

சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். பீப் என்று எப்போது கேட்கிறதோ அப்போது அமுக்க வேண்டும். வலக்காது முடிந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு இடக்காது. ஒன்றும் கேட்கவில்லை, அந்த இரைச்சல் மட்டும்தான். ஆனால் கண்ணாடி வழியாக அவள் தோள் தெரிந்தது. அவள் கருவியை அமுக்கும்போதெல்லாம் தோள் லேசாக இறங்குகிறது. மேடையில் இருப்பவனின் வாய் அசைவதைப் பார்த்தே மைக்கை ஏற்றிப் பழகியவன் நான். தோள் இறங்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினேன்.

நான்கைந்து தடவை போனது. அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு நான் பொத்தானை அமுக்கவே இல்லை.

புது வரைபடத்தில் ஒரு கோடு மேலேயே போகிறது. இன்னொன்று ஆரம்பத்திலேயே கீழே இறங்கிவிட்டது. "காதுக் கருவி வெச்சா ஓரளவு வரும் சார். இப்ப வர்றதெல்லாம் ப்ளூடூத்தோடயே வருது, அடாப்டரே வேணாம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அடாப்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் காரணம் புரிந்திருக்காது.

மாடியில் காது மூக்குத் தொண்டை டாக்டர். "எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அடைக்கலம் பக்கத்தில் இருந்தாள். "ஒரு நாலஞ்சு நாளா" என்றேன்.

டாக்டர் முகம் தெளிந்தது. "அப்ப நல்லது. திடீர்னு காது போனா ரெண்டு வாரத்துக்குள்ள வந்துடணும். அதுக்குள்ள மருந்து ஆரம்பிச்சா திரும்பி வர நல்ல வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு நேரம் இருக்கு" என்று மாத்திரை எழுதினார். அடைக்கலம் சிலுவை போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

இப்போது இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்க்கிறேன். ஜனவரி 9. முப்பத்தெட்டு நாள். டப்பியை எப்போது மாற்றலாம், பட்டையை எப்போது கொடுக்கலாம், கொக்கியை என்றைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று எல்லாக் கெடுவும் எனக்குத் தெரிந்திருந்தது. காதுக்கும் ஒரு கெடு இருப்பது தெரியவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் பாய் கடைப் படியில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அவள் அடுப்படியில் பாட்டு முணுமுணுக்கிறாள் போலிருக்கிறது. உதடு அசைகிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் அடைக்கலத்திடம், "டாக்டரை மறுபடி பாக்கணும்" என்றேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்து, ஜனவரி 9-ஐத் திறந்து அவரிடம் நீட்டினேன். "நேத்து பொய் சொல்லிட்டேன் சார். இதுதான் தேதி."

அவர் படித்தார். பிறகு பின்னால் உள்ள பக்கங்களையும் புரட்டினார். 'இடப்பக்கம் சத்தம் குறைவு' என்ற வரியில் விரலை வைத்து, அடுத்த பக்கத்தில் அதே வரி, அதற்கடுத்ததில் அதே வரி என்று பார்த்துக்கொண்டே போனார்.

"இவ்வளவு தெளிவா எழுதி வெச்சிருக்கீங்க" என்றார். "ஒரு நாள் இங்க வந்திருக்கலாமே."

இனி மருந்துக்குக் கேட்க வாய்ப்புக் குறைவு, காதுக்குள் ஊசி போட்டுப் பார்க்கலாம், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, திரும்பாமலும் போகலாம் என்று சொன்னார். நான் தலையாட்டினேன். அடைக்கலத்தின் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த நோட்டை இழுத்து ஜனவரி 9-ஐப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் நின்றுவிட்டாள். பிறகு அதை வாய்விட்டுப் படித்தாள்.

"ஜெபமாலை சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு நான் ஜெபமாலையா சொன்னேன்?" என்றாள். "பஸ் ஏறினதுலேருந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு வந்தேன். உங்களைக் கேக்காம போனைக் குடுத்தது தப்புதான், மன்னிச்சிருங்கன்னு. இருபத்தேழு வருசத்துல மொத தடவையா. ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேட்டேன். காதுல ஒண்ணும் மாட்டல, சும்மாதான் உக்காந்திருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. சரி, இந்த மனுசனுக்கு நம்மள விட அந்த ஓட்டைதான் பெருசுன்னு நெனச்சுட்டேன்."

முப்பத்தொன்பது நாள். அவள் ஏன் பேசவில்லை என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவள் கத்தியிருப்பாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை என்பது அன்றைக்கே வெளியே வந்திருக்கும். இரண்டு வாரக் கெடுவுக்குள் வந்திருப்போம்.

டாக்டர் ஊசிக்கு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். 

மத்தியப் பேருந்து நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. இடது பக்கத்து இரட்டை இருக்கை. வழக்கம்போல அவள் ஜன்னலோரம் போவாள் என்று ஒதுங்கி நின்றேன். அவள் போகவில்லை. என்னைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, என் வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோர்ட் நிறுத்தம் தாண்டியதும் மெதுவாக என்னவோ சொன்னாள். பஸ் இரைச்சலிலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

"என்ன சொன்ன?" என்றேன்.

"ஜெபமாலை" என்றாள்.